மோதிர விரல் பட்டன்

என் கேமராவில் லென்ஸுக்குப் பக்கத்தில், முன்பக்கமாக, ஒரு சின்ன பட்டன் இருக்கிறது. கேமராவைக் கையில் பிடித்தால் வலது கையின் மோதிர விரல் தானாகப் போய் அதன்மேல் உட்காரும். நிறையப் பேர் அது லென்ஸைக் கழற்றுகிற பட்டன் என்று நினைத்து, எதற்கு வம்பு என்று தொடவே மாட்டார்கள். படத்தில் எவ்வளவு தூரம் தெளிவாக விழும் என்று முன்கூட்டிப் பார்ப்பதற்கான பட்டன் என்று கேமராவோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. கல்யாண வீட்டில் யார் அதையெல்லாம் முன்கூட்டிப் பார்க்கிறார்கள்? தாலி ஏறுவதற்குள் எடுத்தாக வேண்டும். நான் பழகிய போட்டோகிராபர்களில் ஒருவர்கூட அந்தப் பட்டனை அதற்காக அமுக்கி நான் பார்த்ததில்லை.

யாரும் தொடமாட்டார்கள் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். சாதாரணமாக ஷட்டர் பட்டனைப் பாதி அமுக்கினால் லென்ஸ் முகத்தைத் தேடிப் பிடித்துத் தெளிவாக்கும். முழுக்க அமுக்கினால் படம் விழும். ஷட்டரிடமிருந்து அந்தத் தேடிப் பிடிக்கிற வேலையைப் பிடுங்கி, மோதிர விரல் பட்டனிடம் கொடுத்துவிட்டேன். இனிமேல் என் கேமராவை யார் எடுத்தாலும், அந்தப் பட்டன் தெரியாவிட்டால், கலங்கல்தான் விழும். வேகமாக எடுக்க வசதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது பூட்டு. வீட்டைப் பூட்டுகிறோம், பைக்கைப் பூட்டுகிறோம், கேமராவைப் பூட்டினால் மட்டும் என்ன தப்பு என்பது என் கட்சி. சர்க்கரை வியாதிக்காவது மாத்திரை இருக்கிறது, உங்கள் சந்தேகத்துக்கு அதுவும் இல்லை என்பாள் மனைவி.

இந்தச் சந்தேகம் எனக்குச் சும்மா வந்ததில்லை. அக்காவின் கல்யாணத்துக்குப் பொள்ளாச்சியிலிருந்து ஒரு போட்டோகிராபர் வந்தார். பிலிம் ரோல் போட்டு எடுத்த காலம். முகூர்த்த நேரத்தில் மனுஷன் ஃபிளாஷ் அடித்துத் தள்ளினார். தலையைத் தூக்கு, இந்தப் பக்கம் பார், சிரி என்று அக்காவை ஆட்டி வைத்தார். அக்காவும் சொன்னபடியெல்லாம் நின்றாள். பிறகு ஆல்பம் வாங்கப் போனபோது, முகூர்த்த ரோல் கேமராவுக்குள் இருக்கிற பல்லில் மாட்டாமல் இருந்துவிட்டது, ஓடவே இல்லை என்று சொல்லிவிட்டார். அந்தக் காலத்துக் கேமராவின் இடது ஓரத்தில் ஒரு குமிழ் இருக்கும். உள்ளே ரோல் ஓடினால் வெளியே அதுவும் சுற்றும். ஒரே ஒரு தடவை அதைத் திரும்பிப் பார்த்திருந்தால் போதும். அவர் பார்க்கவில்லை.

பந்தி ரோல் மட்டும் நன்றாக விழுந்திருந்தது. அக்காவின் கல்யாண ஆல்பத்தில் சொந்தபந்தம் அத்தனை பேரும் வாயில் சோற்றோடு இருக்கிறார்கள். தாலி கட்டுகிற படம் இல்லை. அக்காவும் மச்சானும் மாலையோடு சேர்ந்து நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை. அவள் அதைப் பெரிதாகச் சொல்லிப் புலம்பியதில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் மாட்டியிருக்கிற கல்யாணப் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பாள், அவ்வளவுதான். நான் கொழிஞ்சாம்பாறையில் ஸ்டுடியோ போட்ட அன்றைக்கே ஒன்று முடிவு செய்தேன். கேமரா வைத்திருக்கிற எவனையும் நம்பக் கூடாது.

அப்படிப்பட்ட எனக்கு ஒரு கூட்டாளி வந்து சேர்ந்தார். மறையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவர். சர்ச்சுக்குப் போகிற குடும்பம். எங்கள் ஊர்ப் பக்கம் பெண் எடுத்து, இங்கேயே வீடு பார்த்து இறங்கிவிட்டார். மேலே அவருடைய சொந்தக்காரர்கள் மூலமாக சர்ச் கல்யாணங்கள் வரும். கீழே எனக்கு மண்டபக் கல்யாணங்கள் வரும். இரண்டு கேமரா வேண்டும் என்கிற இடத்துக்குச் சேர்ந்து போவோம். என்னைவிட வயதில் சின்னவர், ஆனால் எங்கள் ஊர் வழக்கப்படி வாங்க போங்க என்றுதான் பேசுவேன். அவர் என்னை அண்ணே என்பார். போகிற இடத்திலெல்லாம் அவரைத்தான் கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி கொடுப்பார்கள். அழுகிற குழந்தை அவரைப் பார்த்தால் சிரிக்கும். எல்லோருக்கும் நல்லவராக இருக்கிற ஆளை நான் நம்புவதில்லை.

நம்பாததற்குக் காரணமும் கிடைத்தது. மறையூர்ப் பக்கம் ஒரு சர்ச் கல்யாணத்தை முடித்துவிட்டு வந்த மறுநாள், கேமராவைக் கண்ணில் வைத்தால் உள்ளே எல்லாம் பனி மூட்டமாகத் தெரிந்தது. லென்ஸைத் துடைத்தேன், கண்ணைத் துடைத்தேன், பயந்துபோய்ப் பாலக்காட்டில் கண் டாக்டரிடமும் காட்டினேன். கண்ணில் ஒரு மாற்றமும் இல்லை என்று அனுப்பிவிட்டார். பிறகுதான் அது ஞாபகத்துக்கு வந்தது. கண் வைத்துப் பார்க்கிற ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கிறது. அவரவர் கண்ணின் பவருக்கு ஏற்ற மாதிரி அதைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். வாங்கின அன்றைக்குத் திருப்பியதோடு சரி, பிறகு அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. அந்தச் சக்கரம் திரும்பியிருந்தது. என் கேமரா வழியாக வேறு ஒரு கண் பார்த்திருக்கிறது.

கூட்டாளி கண்ணாடி போட்டவர். படம் எடுக்கும்போது மட்டும் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் வைப்பார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனாலும் நேரே கேட்கவில்லை. கேட்டால் சிரித்துக்கொண்டே ஏதாவது சொல்வார், நானும் நம்பித் தொலைப்பேன். மனைவியின் நகப்பூச்சை எடுத்துச் சக்கரத்தின்மேல் ஒரு சொட்டு, அதற்கு நேராகக் கேமராவின் உடம்பில் ஒரு சொட்டு வைத்தேன். யாராவது திருப்பினால் இரண்டும் விலகிவிடும்.

மனைவி அதைப் பார்த்துவிட்டாள். "கேமராவுக்குப் பொட்டு வெச்சாச்சுங்களா? அப்பிடியே ஒரு பேரும் வெச்சுட்டா காது குத்திரலாமுங்க" என்றாள்.

அடுத்த கல்யாணத்துக்குப் பிறகு பார்த்தேன். பொட்டும் பொட்டும் நேராகத்தான் இருந்தன. ஆனால் ஒரு மயிரிழை தள்ளி. அதாவது யாரோ திருப்பியிருக்கிறார், பொட்டைக் கவனித்திருக்கிறார், பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைக்கப் பார்த்திருக்கிறார். தெரியாமல் தொட்டிருந்தால்கூட விட்டிருப்பேன். தெரிந்தே தொட்டு, தொட்டதை மறைத்தும் இருக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கேமராவில் இவருக்கு என்ன வேலை? நான் என்ன கணக்கில் எடுக்கிறேன் என்று கற்றுக்கொண்டு தனிக்கடை போடப் போகிறாரா? நான் எடுத்ததில் நல்லதைத் தன் போனுக்கு ஏற்றிக்கொள்கிறாரா? சாப்பிடும்போதும் பல் தேய்க்கும்போதும் இதே யோசனைதான்.

அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை உதித்தது. கேமராவின் மெனுவில் மொழியை மாற்றுகிற இடம் ஒன்று உண்டு. யாரும் அந்தப் பக்கம் போவதில்லை, எல்லோருக்கும் இங்கிலீஷ்தான். நான் ஒருநாள் சும்மா உள்ளே போய்ப் பார்த்தபோது அதில் தமிழும் இருந்தது. எங்கள் ஊரில் வீட்டில் தமிழ் பேசினாலும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்துவிடும், பாதி தமிழ் மீடியம், பாதி மலையாளம் மீடியம். நான் தமிழ் மீடியம். கூட்டாளியைச் சின்ன வயதிலேயே ஹாஸ்டலில் சேர்த்து மலையாளம் மீடியத்தில் படிக்க வைத்திருக்கிறார்கள். அவர் தமிழில் ஜெபம் செய்வார், தமிழில் சண்டை போடுவார், கனவுகூடத் தமிழில்தான் வரும். ஆனால் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. சர்ச்சில் பாடுகிற தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவார். பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நிற்கும்போது என்ன போர்டு என்று என்னைத்தான் கேட்பார்.

தமிழ் பேசுகிற மனுஷனுக்குத் தமிழையே பூட்டாகப் போட்டேன். மெனு முழுக்கத் தமிழாக மாறியது. போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை. அந்தத் தமிழ் எனக்கே விளங்கவில்லை. தினமும் பேப்பரை வரி விடாமல் படிக்கிறவன் நான். குவியம் என்றார்கள், வெளிப்பாடு என்றார்கள், ஒதுக்கு என்றார்கள். எதை ஒதுக்க, எங்கே ஒதுக்க? கேமராவைக் கண்ணால் பார்க்காத யாரோ மடியில் அகராதியை வைத்துக்கொண்டு எழுதியிருக்க வேண்டும். எனக்கு ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் இங்கிலீஷுக்குப் போய், மாற்றி, மறுபடி தமிழுக்கு வருவேன். சிரமம்தான். ஆனால் திருடனுக்கும் சிரமம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒருநாள் கூட்டாளி என் தோளுக்குப் பின்னாலிருந்து அந்தத் தமிழ்த் திரையைப் பார்த்தார். லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த நிலவரத்தில்தான் அக்கா மகளுக்குக் கல்யாணம் முடிவானது. அக்கா ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டாள். பேனுக்குக் கீழே உட்கார்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"அன்னிக்கு உன்ற கையில கேமரா இருக்கக் கூடாது, சாமி. நீ தாய்மாமன். உருமால் கட்டீட்டு என்ற புள்ளைக்குப் பக்கத்துல நிக்கோணும். ஆனாப் படம் வுழுகோணும். எனக்கு வுழுகாதது அவளுக்கு வுழுந்தே ஆகோணும்."

வேறு யாரை வைத்து எடுப்பது என்ற பேச்சே எழவில்லை, அவளே முடிவோடு வந்திருந்தாள். கூட்டாளி எடுக்கட்டும், ஆனால் உன் கேமராவில் எடுக்கட்டும் என்றாள். அந்தத் தம்பி தங்கமான பையன் என்று நற்சான்று வேறு. என் நேரத்தைப் பாருங்கள், அதே வாரம் கூட்டாளியின் கேமராவுக்குள் மூணாறில் மழைத்தண்ணீர் இறங்கி, கோயம்புத்தூரில் சர்வீசுக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். நிஜமாகவே தண்ணீர் இறங்கியதா, இல்லை என் கேமராவைக் கைப்பற்ற வழியா? எந்தக் கடையில் கொடுத்தீர்கள் என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அக்கா பக்கத்தில் இருந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

அவருக்குக் கேமராவைக் கொடுப்பதென்றால் பூட்டைத் திறந்துதான் கொடுக்க வேண்டும். மோதிர விரல் பட்டனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அல்லது ஷட்டரைப் பழையபடி மாற்றிக் கொடுத்தாலும் முடிந்தது. சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சொன்னால் என் பூட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும், பிறகு வாழ்நாள் முழுக்க அதைத் திறந்துகொண்டே இருப்பார். கல்யாணத்தன்று காலையில் நானே மாற்றிக் கொடுத்துவிட்டு, எல்லாம் முடிந்ததும் மறுபடி பூட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன்.

கல்யாணத்தன்று காலை மண்டபத்து மேடைக்குப் பக்கத்து அறையில் கேமராவை எடுத்தேன். மெனு தமிழில் இருந்தது. ஷட்டருக்குத் தேடிப் பிடிக்கிற வேலையைத் திருப்பிக் கொடுக்கிற வரி எங்கே என்று தேடினேன். குவியத்துக்குள் போனேன், இல்லை. ஒதுக்குக்குள் போனேன், எதையோ ஒதுக்கச் சொன்னது. சரி, முதலில் இங்கிலீஷுக்கே போவோம் என்றால், மொழி மாற்றுகிற வரி எந்தப் பக்கத்தில் இருந்தது என்பது அந்தப் பதட்டத்தில் மறந்துபோனது. அதற்குள் பெரியவர்கள் வந்துவிட்டார்கள். "மாமன் இங்கிருக்கறாருங்க" என்று ஒருவர் கத்த, இன்னொருவர் கையைப் பிடித்து இழுக்க, உருமாலைத் தலையில் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். கேமராவைக் கூட்டாளி கையில் திணித்தேன். "பாத்துங்க தம்பி" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல விடவில்லை. நான் போட்ட பூட்டோடு கேமரா போய்விட்டது.

அக்கா மகளை மணவறைக்கு அழைத்து வந்து உட்கார வைத்துவிட்டு அவள் பக்கத்தில் நின்றேன். நாதஸ்வரமும் மேளமும் காதைக் கிழித்தன. ஊர் முழுக்க எதிரே உட்கார்ந்திருந்தது. என் கண் ஒரே இடத்தில்தான் இருந்தது, கூட்டாளியின் வலது கையில். ஆள்காட்டி விரல் அமுக்கிக்கொண்டே இருந்தது. மோதிர விரல் அசையவே இல்லை, சும்மா சப்பாணி போல மடங்கிக் கிடந்தது. அத்தனை படமும் கலங்கல். அன்றைக்கு அக்காவுக்கு நடந்ததே இன்றைக்கு அவள் மகளுக்கு நடக்கிறது, அதுவும் பொள்ளாச்சிக்காரரால் இல்லை, என்னால் நடக்கிறது.

கத்தினால் கேட்காது. மேடையை விட்டு இறங்கினால் மாமன் இறங்கிவிட்டான் என்று ஊரே எழுந்து நிற்கும். வலது கையை உயர்த்தி மோதிர விரலை மட்டும் மடக்கி மடக்கிக் காட்டினேன். கூட்டாளி பார்த்தார், தலையை ஆட்டினார், சிரித்தார், மறுபடியும் ஆள்காட்டி விரலாலேயே எடுத்தார். புரிந்துதான் சிரிக்கிறாரா, புரியாமல் சிரிக்கிறாரா? இல்லை, வேண்டுமென்றே கெடுக்கிறாரா? எடுத்ததைத் திரையில் ஒரு தடவை பார்க்கவாவது கூடாதா? அதையும் பார்க்கவில்லை. கெட்டிமேளம் கொட்டியது. மேலே அரிசியும் பூவும் வந்து விழுந்தன. நான் விரலை மடக்கிக்கொண்டே நின்றேன்.

அதற்குப் பிறகும் என்னை விடவில்லை. அதைச் செய், இதை எடுத்துக் கொடு, இவரைக் கும்பிடு என்று பந்தி ஆரம்பிக்கிற வரைக்கும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். விடுபட்டதும் உருமாலோடு ஓடினேன். கூட்டாளி சாப்பாட்டுக் கூடத்து வாசலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். கழுத்திலிருந்த கேமராவை அவர் தலை வழியாகவே உருவினேன்.

எல்லாம் தெளிவாக இருந்தது. மாலை மாற்றுவது, தாலி, மச்சான் வேட்டி நுனி, புரோகிதர் கையில் இருந்த தர்ப்பை, ஒன்றில்கூடக் கலங்கல் இல்லை. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அக்கா மகளின் கண் மையில் ஒட்டியிருந்த அரிசிப்பொடி வரைக்கும் தெரிந்தது. அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். அக்காவுக்குப் படம் கிடைத்துவிட்டது. அந்த நிம்மதி ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம் இருந்திருக்கும்.

பிறகு கேமராவின் தலையில் இருக்கிற வட்டத் திருகைப் பார்த்தேன். அதில் யூ ஒன், யூ டூ என்று இரண்டு இடங்கள் உண்டு. நமக்குப் பிடித்த மாதிரி எல்லாவற்றையும் மாற்றி, மொத்தமாக அங்கே சேர்த்து வைத்துக்கொள்ளலாம். அந்த இடத்துக்குத் திருகினால் கேமரா நாம் சேர்த்து வைத்தபடி மாறிவிடும். நான் வைத்திருந்தது யூ ஒன்னில். யூ டூ பக்கம் நான் போனதே இல்லை. திருகு இப்போது யூ டூவில் நின்றது. ஷட்டரைப் பாதி அமுக்கிப் பார்த்தேன். லென்ஸ் சமர்த்தாக முகத்தைத் தேடிப் பிடித்தது.

என் கேமராவுக்குள் இவர் குடியிருக்கிறார். நான் சந்தேகப்பட்டது அத்தனையும் சரி. எப்போதிலிருந்து என்று கேட்டேன். குரல் உயர்ந்துதான் இருக்க வேண்டும், பந்திக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கூட்டாளி மறைக்கவில்லை. மறையூர் சர்ச் கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். வண்டி நிறுத்துகிற இடத்துக்காக ஒரு ஜீப் டிரைவரோடு நான் வெளியில் மல்லுக்கு நின்ற நேரத்தில், மணப்பெண் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே உள்ளே நடந்து வந்துவிட்டாளாம். அவர் தன் கேமராவில் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தாராம். பெஞ்சில் இருந்த என் கேமராவை எடுத்து எடுத்திருக்கிறார். ஒன்றுகூடத் தெளிவாக விழவில்லை. நான் திரும்பி வந்து, நான் எடுத்த படங்கள்தான் என்று நினைத்து லென்ஸைத் திட்டியிருக்கிறேன். ஆமாம், திட்டினேன், லென்ஸ் விற்ற கடைக்காரரையும் சேர்த்துத் திட்டினேன். அன்றைக்கே அவர் யூ டூவில் தன் கணக்கில் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துவிட்டாராம். அடுத்த முறை அவசரத்துக்கு ஆகட்டும் என்றாராம் மனசுக்குள்.

"ஒங்க யூ ஒன்னுல நான் கையே வைக்கலண்ணே. பக்கத்துல எடம் காலியாக் கெடந்துச்சு, அதுல என் பாய விரிச்சுக்கிட்டேன். கண்ணு வேற வேறல்லா, அதான் அந்தச் சக்கரத்தத் திருப்ப வேண்டியதாச்சு. பொட்டப் பாத்து அங்கனயேதான் வச்சேன்" என்றார்.

மெனு தமிழில் இருந்ததே, எப்படி நுழைந்தீர்கள் என்று கேட்டேன். அதற்கும் பதில் இருந்தது. எழுத்துதானே மாறியது, வரி இருக்கிற இடம் மாறவில்லையே என்றார். எனக்குச் சுருக்கென்றது. எழுத்துத் தெரிந்த நான் காலையில் வழி தெரியாமல் முட்டிக்கொண்டு நின்ற அதே மெனுவில், ஓர் எழுத்தும் தெரியாத இந்த மனுஷன் நினைத்தபோதெல்லாம் போய் வந்திருக்கிறார்.

ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கடைசியாகக் கேட்டேன்.

"சொல்லியிருந்தா அதையும் பூட்டிருப்பீங்கண்ணே."

சாப்பிடக் கூப்பிட்டார்கள். பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தோம். பாயசத்தை அவர் பக்கம் தள்ளினேன், அவருக்குப் பிடிக்கும். என் கேமராவைத் தொட்டது தப்புதான், அதில் இன்றைக்கும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர் தொடாமல் இருந்திருந்தால் அன்றைக்கு அக்காவின் முகத்தில் எப்படி விழித்திருப்பேன்?

ஆல்பத்தைக் கூட்டாளிதான் தயார் செய்தார், தயாரானதும் நானே அக்கா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அக்கா கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் அதைத் தொட்டாள். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். தாலி கட்டுகிற படம் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பெரிதாகப் போட்டிருந்தது. அங்கே வந்து நின்றுவிட்டாள்.

நானும் அப்போதுதான் அந்தப் படத்தை நிதானமாகப் பார்க்கிறேன். மண்டபத்தில் பார்த்தபோது தெளிவாக விழுந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன், யார் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கவில்லை. மச்சான் அழுகிறார். கல்யாணப் பேச்சு எடுத்த நாளிலிருந்து ஒரு வார்த்தையும் செலவு செய்யாத மனுஷன், வாயைக் கோணிக்கொண்டு பச்சைப்பிள்ளை போல அழுகிறார். அக்கா அவருடைய மணிக்கட்டைப் பிடித்திருக்கிறாள். அவர்கள் இருவரும் அப்படிக் கையைப் பிடித்து நின்று நான் பார்த்ததே இல்லை. அக்கா மகள் தலையைக் குனிந்திருக்கிறாள், ஆனால் கடைக்கண் அப்பாமேல் இருக்கிறது. மேடையில் இருக்கிற மற்ற அத்தனை பேரும் தாலியைப் பார்க்கிறார்கள். இவ்வளவும் எனக்கு ஓர் எட்டு தூரத்தில் நடந்திருக்கிறது.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில் உருமால் கட்டிய ஒருவன் மட்டும் தாலியைப் பார்க்காமல், நேராகக் கேமராவை முறைத்துக்கொண்டு, ஒற்றை விரலை மடக்கி எதையோ காட்டிக்கொண்டு நிற்கிறான். அடுத்த பக்கத்திலும் அப்படித்தான். அதற்கு முந்தின பக்கத்திலும் அப்படித்தான். மாமன் விரலில் ஏதாவது அடியா என்று கல்யாணத்தன்றே மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்களாம்.

அக்கா மறுபடி தாலிப் பக்கத்துக்கே வந்தாள். கோபம் இல்லை. உள்ளங்கையால் படத்தை ஒருமுறை மெல்லத் தடவினாள்.

"எல்லாருமே வுழுந்திருக்கறாங்க, சாமி. நீதான் அங்க இல்லெ" என்றாள்.

மச்சான் அழுகிற பக்கத்தை இன்னொரு தடவை பார்க்க ஆல்பத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.